சம்பந்திகளின் மடங்காத விரல்கள்

தேர்தல் நடந்த அந்த வருஷம், மகளின் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலை, வார்சினியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நிமிர்ந்தபடியே நின்றுவிட்டன. வலி இல்லை, வீக்கம் இல்லை, மடக்கினால் மடங்கவும் இல்லை. வேகவைத்த கீரைமேல் கடலைச் சாந்து ஊற்றி விற்கும் தன் பெச்சல் கடைக்குக் கடலை அரைக்கக் குழவியை எடுக்கப் போனபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. அதே காலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளையின் அம்மா துமிராவுக்கு ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் அப்படி நின்றுபோனது. அன்றைக்கு அவர்கள் ஊரான கராங்வுலுவின் சந்தையில் வேர்க்கடலை கிலோ முப்பதாயிரம் ரூப்பியா. விரல் நின்றுபோனவர்கள் நாற்பது பேருக்கு மேல்.

காரணத்தை யாரும் தேடி அலையவில்லை, எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது. கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தை ஜாகர்த்தாவில் இருக்கும் வார்சினியின் அண்ணன் முந்தின நாள் இரவு ஊருக்கே தெரியும்படி போட்டிருந்தார். படத்தில் வார்சினி இரண்டு விரலைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துமிரா ஒற்றை விரலை எங்கேயோ நீட்டிக்கொண்டிருந்தாள். படத்தில் யார் எப்படி நீட்டினார்களோ, அப்படியே அவரவர் விரல் நின்றுபோயிருந்தது. வேட்பாளர்கள் இருவருக்கும் எண் குலுக்கிப் போட்டதே கல்யாணத்துக்கு மறுநாள்தான். ஆனால் படம் வந்தது எண்ணுக்குப் பிறகு அல்லவா? "சபாஷ் தங்கச்சி, ரெண்டாம் நம்பருக்கு நம்ம வீட்டு ஆதரவு!" என்று அண்ணன் எழுதினார். அதைப் பார்த்த துமிராவின் கொழுந்தனார், "எங்க அண்ணி காட்டுறது ஒண்ணு. கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று எழுதினார். மத்தியானச் சோற்றுக்குள் முன்னூறு பேர் கருத்துச் சொல்லிவிட்டார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களும் அதுவரை வாயே திறக்கவில்லை. வார்சினிக்கு இரண்டு வேட்பாளர்களின் பெயரும் சரியாகத் தெரியாது.

சுகாதார நிலையத்துக் கம்பவுண்டர் விரலை அழுத்திப் பார்த்துவிட்டுத் தைலம் கொடுத்தார். அவருக்கே கட்டைவிரல் நின்றிருந்தது. அது எந்தக் கட்சி என்று தெரியாமல் இரண்டு தரப்பும் அவரை முறைத்துக்கொண்டிருந்தன. தைலம் ஒன்றும் செய்யவில்லை. நிமிர்ந்த விரலை வைத்துக்கொண்டு சோறு பிசைய முடியவில்லை, பாவாடை முடிச்சுப் போட முடியவில்லை, குழவியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அந்த விரல்கள் வெகு தோதாக இருந்தன, கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்கு. அந்த வேலையைத்தான் ஊரே செய்தது.

வார்சினியின் கணவன் கர்தோ தப்பித்துக்கொண்டான். படம் எடுத்த நேரத்தில் அவன் பந்தலுக்குப் பின்னால் குச்சியில் கோத்துச் சுட்ட ஆட்டிறைச்சி சாத்தே தின்றுகொண்டிருந்தான். இரண்டு வீட்டு ஆட்களிலும் கை மடங்கும் சிலரில் ஒருவன் என்பதால் பாட்டில் மூடி திறக்கவும் ஊசியில் நூல் கோர்க்கவும் ஆளாளுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். "தின்னவன் பொழைச்சான், சிரிச்சவ மாட்டிக்கிட்டா" என்று அவன் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வார்சினியின் வாயில் விழுந்தான்.

அதன் பிறகு கராங்வுலுவில் எதைத் தொட்டாலும் அரசியல் ஆகிவிட்டது. கடைக்கு வந்தவர்கள் பொரித்த சோயாக்கட்டித் தெம்பேயை ஒன்று, இரண்டு என்று வாய்விட்டுக் கேட்கப் பயந்தார்கள். "கொஞ்சமா வையுங்க" என்றார்கள், "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று வார்சினி கேட்டால் திருட்டு முழி முழித்தார்கள். வேறு வழியில்லாமல் ஊரே மூன்று மூன்றாகத் தெம்பே தின்றது. பூப்பந்து விளையாடும் பையன்கள் ஆட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து நேரே மூன்றுக்குத் தாவவிட்டார்கள். ஒற்றை விரல்காரர்கள் வார்சினியின் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாளுக்கு நூறு பொட்டலம் கட்டிய வார்சினியின் கை, அறுபதுக்கு இறங்கியது.

வியாபாரம் போனதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, துமிரா போனதுதான் பெரிது. சம்பந்தி ஆவதற்கு முன்பே அவர்கள் கூட்டாளிகள். துமிரா பொரிக்கும் கடலை அப்பளமும் வார்சினியின் பெச்சலும் பத்து வருஷமாக ஒரே இலையில்தான் விற்றன. கல்யாணப் பேச்சு முடிந்ததும் அந்த இலையின் மேல்தான். இப்போது துமிரா அப்பளம் அனுப்பவில்லை. வார்சினி வேறு இடத்தில் வாங்கினாள், அது காறல் அடித்தது. ஒருநாள் துமிரா தன் கைப்பேசியில் கொதித்துப் பொங்கும் எண்ணெய்ச் சட்டியின் படத்தைப் போட்டாள். அது தனக்குத்தான் என்று வார்சினி எடுத்துக்கொண்டாள். மறுநாள் இவள் பச்சை மிளகாய்க் குவியலைப் படம் போட்டு, "சிலருக்கு வயிறு எரியும்" என்று எழுதினாள். அன்று மாலையே குடும்பக் குழுவில் "துமிரா வெளியேறினார்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. வார்சினி அதைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கேட்டவர்களிடம் மிளகாய்ப் புகை என்றாள். யாரோ ஒட்டிவிட்ட எண்ணை அதற்குள் இரண்டு பெண்களும் தங்கள் எண்ணாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதற்காகச் சண்டை போடும் வீம்பும் வந்துவிட்டது.

தேர்தல் வந்தது, போனது, ஜெயித்தவர் பதவியும் ஏற்றார். விரல்கள் மடங்கவில்லை. தோற்றவர்கள் வயிற்றெரிச்சலிலும் ஜெயித்தவர்கள் கொண்டாட்டத்திலும் இன்னும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மழைக்காலம் ஒன்று கடந்தது. நோன்புப் பெருநாள் அன்று மன்னிப்புக் கேட்டுக் கைகூப்பித் தொட்டுக்கொள்ளும் வழக்கத்தைக்கூட ஒன்றும் இரண்டும் இடித்துக்கொள்ளும் என்று பலர் தலையாட்டலோடு முடித்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கையில் கர்ப்பமாயிருந்த மகள் ரத்னானிக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. ஏழாம் மாத நீராட்டில் பூத்தண்ணீர் ஊற்ற யாராவது கிடைப்பார்கள். ஆனால் இளந்தேங்காய் இறக்குவதற்கு இரண்டு அம்மாக்களும் வேண்டும். பெண்ணின் அம்மா மேலேயிருந்து பிள்ளைத்தாய்ச்சியின் சேலைக்குள் காயை விடவேண்டும், பையனின் அம்மா கீழே உட்கார்ந்து அதைப் பிடிக்கவேண்டும். பேரப்பிள்ளையை இரண்டு வீடும் ஏந்திக்கொள்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி. காய் தரையில் விழுந்தால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ரத்னானிக்கு ஏற்கெனவே ஒரு கரு நிற்காமல் கலைந்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு அம்மாவும் இல்லாம எனக்கு நீராட்டு வேணாம்மா" என்றாள் ரத்னானி. "நீ போய்க் கூப்பிடு. மெசேஜ் போட்டுட்டு, நீல டிக் வந்துச்சான்னு பாத்துட்டு உக்காந்திருக்காத."

"நான் போனா அவ கதவைத் திறப்பாளாடி?"

"திறக்கலைன்னா திண்டாடு. அதுக்கு மேல என் வயித்துல இருக்கிறதுகிட்ட நீயே சொல்லிக்கோ."

வார்சினி அதற்குள் எட்டு முறை செய்தி எழுதி எட்டு முறையும் அழித்திருந்தாள். எந்த வரியை எழுதினாலும் அதை யாராவது படம் பிடித்து ஊருக்குக் காட்டுவார்கள் என்று தோன்றியது. கடைசியில் பெச்சலை வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு ஆற்றுப்பாலத்தைக் கடந்தாள். துமிரா முற்றத்தில் அப்பளத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ஒற்றை விரல் வானத்தைப் பார்த்து நின்றதால் கரண்டியை முழங்கையால் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"வாங்க ரெண்டாம் நம்பர்" என்றாள் துமிரா, நிமிராமல். "கேமரா எங்க? ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"கையில எலதான் இருக்கு சம்பந்தி. வேணும்னா சோதிச்சுப் பாருங்க."

துமிரா மாவைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். மன்னிப்பு என்று தொடங்கினால் யார் யாரை மன்னிப்பது என்று அதிலேயே நாள் போய்விடும். அதனால் உலகத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"ஓட்டுப் போடப் போனேன்ல, சீட்டுல இருக்கிற படத்தை ஆணியால குத்தணும்ல? இந்த ரெண்டு வெரலும் நட்டுக்கிட்டு நிக்க, ஆணி வழுக்கிருச்சு. குத்துனது உங்க ஒண்ணாம் நம்பர் ஆளு மூக்குல."

கரண்டி நின்றது.

"என்னது?"

"சத்தியமா. எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத் தலைமுழுகிருவாரு. எழுதிப் போட்டுராதீங்க சம்பந்தி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

துமிரா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, மாவுச் சட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைக்கப் போய் நிமிர்ந்த விரலால் நெற்றியில் குத்திக்கொண்டாள். "அடிப்பாவி!" என்றாள். "நான் அன்னிக்குக் காட்டுனது ஒண்ணும் இல்ல, ரெண்டும் இல்ல. உங்க வீட்டுக்காரர் பந்தலுக்குப் பின்னால ஒண்டியாளா அம்புட்டு சாத்தேயையும் தின்னுக்கிட்டிருந்தாரு. யாராவது தடுங்கடான்னு கை காட்டுனேன்!"

"அப்ப இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. முன்னூறு பேரு சொன்னாங்க, நீங்க ஒருத்தி கேக்கல." துமிரா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "அப்பளம் பொரிக்கறப்பல்லாம் உங்க நெனப்புதான் எனக்கு."

இருவரும் அந்தப் பெச்சலைத் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். மடங்காத விரல்களோடு சாப்பிட்டதில் பாதி கோழிக்குப் போனது.

நீராட்டு அன்று வீடு நிறைய ஆள். ஒன்றுகளும் இரண்டுகளும் கலந்து உட்கார இடமில்லாமல், யார் பக்கத்தில் யார் என்று பார்க்க முடியாமலேயே உட்கார்ந்தார்கள். பூத்தண்ணீர் ஊற்றி முடித்து, ரத்னானி புதுச் சேலையைத் தளரச் சுற்றி நின்றாள். வார்சினி, பழைய வழக்கப்படி தெய்வ உருவம் வரைந்த மஞ்சள் இளந்தேங்காயை எடுத்தாள். நிமிர்ந்த விரல்கள் காயை அணைக்க மறுத்தன. கர்தோ "நான் பிடிக்கட்டுமா?" என்று எழுந்தான், "நீங்க சாத்தேயைப் பாருங்க" என்று துமிரா கீழேயிருந்து சொன்னாள். சேலைக்குள் விடும்போது காய் வழுக்கிச் சாய்ந்து இறங்கியது. துமிரா இரண்டு கையையும் நீட்டினாள், ஒற்றை விரலில் பட்டுக் காய் வெளிப்பக்கம் துள்ளியது. கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். வார்சினி யோசிக்கவில்லை, அப்படியே மண்டியிட்டு விழுந்து வலது கையைக் காய்க்கு அடியில் கொடுத்தாள். துமிராவின் ஒரு விரலும் வார்சினியின் இரு விரல்களும் மேல்நோக்கி நின்றன. மூன்று கல் அடுப்பில் பானை உட்காருவதுபோல் காய் அவற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. ஆடவில்லை, அசையவில்லை.

ரத்னானி குனிந்து பார்த்தாள், பார்த்ததும் விம்மி அழுதாள். "தாங்கிட்டீங்க" என்றாள். வார்சினி காயை இறக்காமலேயே துமிராவின் தோளில் முகத்தைப் புதைத்து, "நல்லா இருங்க சம்பந்தி, நல்லா இருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தச் செய்தியும் கைப்பேசி வழியாகத்தான் ஊர் முழுக்கப் போனது. இதற்காகக் கைப்பேசியை வாழ்த்தியவர்களும் உண்டு. அதிலிருந்து கராங்வுலுவில் உருண்டையான, சூடான, உடையக்கூடிய எதைத் தூக்குவதென்றாலும் ஒரு ஒன்றையும் ஒரு இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். சோற்றுப் பானைகளை அப்படித்தான் இறக்கினார்கள். சந்தையில் தர்பூசணி வண்டிக்கு ஜோடியாகத்தான் ஆள் எடுத்தார்கள், கூலி சரிபாதி. கம்பவுண்டரின் கட்டைவிரலுக்கும் வேலை கிடைத்தது, பிரசவ நேரத்தில் விளக்குத் திரியைத் தூண்டப் பயன்பட்டது. துமிராவின் அப்பளம் மறுபடி பெச்சல் இலைக்கு வந்தது. ஜாகர்த்தா அண்ணன் இன்னும் எழுதுகிறார். பதிலுக்கு எல்லோரும் பூப்படம் அனுப்பிவிடுகிறார்கள்.

பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. செகார் என்று பெயர் வைத்தார்கள். அவள் தத்தித் தத்தி எழுந்து நிற்கும் வயதில், நகரத்திலிருந்து எலும்பு வைத்தியர் ஒருவர் இலவசமாக வந்து ஊரார் விரல்களைப் பார்த்தார். தினமும் வெந்நீரில் வைத்துப் பயிற்சி செய்தால் ஒரு மாதத்தில் மடங்கிவிடும் என்றார், செய்தும் காட்டினார். சிலருக்கு மடங்கவும் செய்தது. வார்சினியும் துமிராவும் கேட்டுக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள், வீட்டுக்கு வந்தார்கள். வெந்நீர் போடவில்லை.

முற்றத்தில் குழந்தை காத்திருந்தது. வழக்கம்போல் ஒரு கையால் துமிராவின் ஒற்றை விரலையும் மறு கையால் வார்சினியின் இரட்டை விரலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

"நல்லவேளை சம்பந்தி, மடங்கல" என்றாள் வார்சினி.

"மடங்கியிருந்தா இவ எதைப் பிடிப்பா?" என்றாள் துமிரா.

குழந்தை இழுத்தது. இருவரும் குனிந்தபடி கோழிக்கூடு வரைக்கும் அதன் பின்னால் நடந்தார்கள்.