ஆற்றைப் பார்த்த கதவு

செப்டம்பர் 18, புதன்

நேற்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான். ஹால்வர்சன் தம்பதிக்கு இடம் ஒதுக்கும்போது இடம் ஆற்றோரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்க்கவில்லை.

வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும். கேரவன் என்கிற வீட்டு வண்டிக்குக் கதவு வலப்பக்கம்தான். நான் வேலை பார்க்கும் இந்தக் கேரவன் முகாமின் ஆற்றோர வரிசையில் வண்டிகள் வடக்கு பார்த்து நிற்கும். படியில் கால் வைத்ததுமே எதிரில் மிசிசிப்பி ஆறு. வளைவைத் தாண்டிய இருபத்து மூன்றாம் இடமும் கரையில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பாதை திரும்பித் தெற்கே போகிறது, வண்டியும் அப்படித்தான் நின்றாக வேண்டும். ஆறு முதுகுக்குப் பின்னால் போய்விடும். கதவைத் திறந்தால் கேஸ் தொட்டியும் தார்ச் சாலையும்.

கதவு ஆற்றைப் பார்த்து இருக்க வேண்டும் என்று லோவெல் ஹால்வர்சன் ஆகஸ்டிலேயே தொலைபேசியில் கேட்டிருந்தார். காரணத்தையும் சொன்னார். அவர் மனைவி ஆர்லிஸுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. வீட்டை விற்று வெகுகாலமாகிவிட்டது, கேரவன்தான் வீடு. புது இடங்களில் தடுமாறுகிறாள், ஆனால் ஒவ்வொரு செப்டம்பரும் வந்து தங்கிய இந்தக் கரையில் அமைதியாக இருப்பாள் என்று நம்பினார். இந்த வாரம் நல்லபடியாகப் போனால் வழக்கம்போல் குளிர்காலத்துக்கு இருவரும் டெக்சஸ் போவார்கள். இல்லையென்றால் ராச்செஸ்டரில் மகள் பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்துக்கு ஆர்லிஸ் மட்டும் போக வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் இருபத்து மூன்றைக் கொடுத்தேன்.

நேற்று மாலை ஆர்லிஸ் கதவைத் திறந்தாள். சாலையைப் பார்த்தாள். இது நம்ம வீடு இல்லை என்று சொல்லி உள்ளே போய்விட்டாளாம். இன்று காலை லோவெல் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது இறங்கி நடந்துவிட்டாள். அவர் பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். இரண்டு பேரும் கரையோரமாகத் தேடினோம். தண்ணீரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆறாம் இடத்தில், இப்போது அங்கே தங்கியிருக்கும் ரஸ் கெம்ப்பின் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் வரை அது அவர்கள் இடம். என் வாசலில் உனக்கென்ன வேலை என்று ரஸ்ஸைக் கேட்டிருக்கிறாள். அவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏம்மா கேலா, ராத்திரி காலேஜ்ல என்னென்னமோ படிக்கிறியே, வண்டிக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு இன்னும் பாடம் வரலையா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் அவர்களோடு இடம் மாறிக்கொள்வீர்களா என்று அந்த நேரத்தில்தான் கேட்க முடிந்தது. முகாமின் உரிமையாளர் க்வென், குடியேறிவிட்ட விருந்தினரை நகரச் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் நீயே கேட்டுக்கொள் என்று ஏற்கெனவே கைகழுவியிருந்தார். ரஸ் கொடி நட்டு, விளக்குச் சரம் கட்டி, இறைச்சியைப் புகை அடுப்பில் ஏற்றிவிட்டவர். அடுப்பைப் பார்த்தார், ஆர்லிஸைப் பார்த்தார். இந்தப் பன்றிக்கறி கருகினால் நீதான் தின்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொடியைப் பிடுங்கினார்.

யாராவது வண்டியை நகர்த்தினால் வேடிக்கை பார்க்க முகாமே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். இன்றும் போட்டார்கள். ஆனால் ஒருவரும் கேலி பேசவில்லை. லோவெல் ஆறாம் இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தடியில் கட்டை வைத்து, படிக்குக் கீழே பச்சைப் பாயை விரித்தார். இரண்டு நாற்காலிகளையும் ஆற்றைப் பார்க்கப் போட்டார். என்னையும் காபிக்கு இருக்கச் சொன்னார்.

ஆர்லிஸ் கதவைத் திறந்து படியிலேயே நின்றாள். கீழே நிலக்கரிப் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவள் முகம் தெளிந்தது. யார் கையையும் பிடிக்காமல் தானே இறங்கி வந்து உட்கார்ந்தாள். லோவெல் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சரிசெய்துவிட்டேன் என்று நினைத்தேன். இங்கே எழுத வாக்கியம்கூட மனத்தில் தயாராக இருந்தது.

படகு வளைவில் மறைந்ததும் அவள் கோப்பையை வைத்துவிட்டு லோவெல் பக்கம் திரும்பினாள்.

"காபி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. இடமும் அழகா இருக்கு. நான் கிளம்பணும், என் வீட்டுக்காரர் தேடுவார்."

லோவெல் அடுத்த இடத்துக்காரரிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டார்.

"அவர் எங்க போயிருக்கார்?"

"வண்டியைத் திருப்பி நிறுத்தப் போயிருக்கார். ஆத்தைப் பாத்து நிக்கணும் எனக்கு. சலிச்சுக்கவே மாட்டார், பாவம்."

"அப்ப வந்துருவார். அதுவரைக்கும் இங்கயே இருங்க."

அவள் சரி என்று தலையசைத்து மறுபடி ஆற்றைப் பார்த்தாள். பயப்படவில்லை, அழவில்லை. விருந்துக்கு வந்தவள் மாதிரி முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்துகொண்டேன். லோவெல் பாதை வரை கூட வந்தார். நேற்றே இங்கே நிறுத்தியிருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்று கேட்டு மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஜூலையிலேயே ரெண்டு தடவை என்னை அடையாளம் தெரியாம இப்படிப் பேசினா. மகள்கிட்ட நான் சொல்லல. உன் தப்பா இருக்கட்டும்னுதான் நேத்து ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டு இருந்தேன், கேலா. தப்புன்னா வண்டியைத் திருப்பிடலாம்ல."

நான் அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தேன்.

மாலை வகுப்புக்குப் போகவில்லை. அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் லோவெல் வந்தார். மகளோடு பேசிவிட்டாராம். நாளை மதியத்துக்குள் அவள் காரில் வந்து அம்மாவை அழைத்துப் போகிறாள். வண்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். டெக்சஸ் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இல்லத்தில் எல்லாருடைய துணியையும் ஒன்றாகத்தான் துவைப்பார்களாம். உடை ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தன் கை நடுங்குகிறது, உன் எழுத்து நன்றாக இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

நாளை: காலையில் ஆறாம் இடத்துக்குப் போய் ஆர்லிஸின் துணிகளை வாங்கிவந்து துவைத்து உலர்த்த வேண்டும். க்வென்னிடம் அழியாத மைப் பேனா கேட்க வேண்டும். மகள் வருவதற்குள் எல்லாவற்றின் கழுத்துப் பட்டியிலும், உள்பக்கமாக, ஆர்லிஸ் ஹால்வர்சன் என்று எழுதி முடிக்க வேண்டும்.