எவரெட் என்னைக் கொல்லும் விதம்

பனி விழுகிறது. ஓசையில்லாமல் விழுகிறது. நிறுத்தாமல் விழுகிறது. அதில் முகம் குப்புற ஒருவன் கிடக்கிறான். அவன் முதுகின்மேல் வெள்ளை ஏறிக்கொண்டே போகிறது.

அந்த ஒருவன் நான்தான். முதல் நாவல், நூற்று நாற்பதாம் பக்கம்.

இரண்டாம் நாவலில் மழை. ஆற்றோடு போனேன். மூன்றாவதில் வெயில், கண்ணிவெடி. நான்காவதில் இலையுதிர் காலம், எதனால் செத்தேன் என்று எனக்கே சரியாக விளங்கவில்லை. ஐந்தாவதில் வசந்தம், ஊர் திரும்ப இரண்டே நாள். இத்தனை முறை வந்து போனதில் எமனுக்கே அலுத்திருக்கும். எவரெட்டுக்கு அலுக்கவில்லை.

என் பெயர் ஹாலிஸ். வயது எழுபத்தொன்பது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

எவரெட் கார்வி கொரியப் போரில் என் அணித்தலைவன். தொலைபேசிக் கம்பி இழுப்பது எங்கள் வேலை. குண்டு விழுந்து கம்பி அறுந்தால், ஒருவன் அதைக் கையில் பிடித்தபடியே நடந்துபோய், அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். போகிறவன் யார் என்று எவரெட் சொல்வான்.

ஊர் திரும்பினான். அரசாங்க உதவியில் கல்லூரிக்குப் போனான். இருபத்தெட்டு வயதில் முதல் நாவல். பரிசு. பத்திரிகையில் படம். பிறகு எங்கள் ஊர்க் கல்லூரியிலேயே முப்பத்தொரு வருடம் எழுதச் சொல்லிக்கொடுத்தான்.

காலையில் எழுதுவான். மதியம் வகுப்பு. மாணவர்கள் கதையில் வானம் அழுதால் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவான். வானத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்பான். கதையில் ஓர் ஆளைச் சாகடித்தால் அதற்குக் காரணம் வேண்டும் என்பான்.

காரணமாம். ஐந்து முறை செத்தவனிடம் ஒரு முறை சொல்லியிருக்கலாம்.

பெயரை மட்டும் மாற்றுவான். ஹாரிஸ். ஹோரஸ். ஹாவல். ஆனால் உடைந்த முன்பல் என்னுடையது, சீட்டி என்னுடையது, இடதுகைப் பழக்கம் என்னுடையது. ஒவ்வொரு நாவலிலும் கம்பி அறும். ஒவ்வொரு நாவலிலும் நான்தான் போவேன்.

ஊரில் யாருக்குத் தெரியாது? முடிவெட்டும் கடையில் நுழைந்தால், போன வாரம்தானே உங்களை அடக்கம் பண்ணினோம் என்பார்கள். சிரிப்பேன். எத்தனை வருடம்தான் சிரிப்பது?

எவரெட் ஓய்வு பெற்ற நாளில், அவனிடம் படித்த பெண் ஒருத்தி என் கையைத் தொட்டுப் பார்த்து அழுதாள். "நீங்க சாகிற பக்கத்தை என்னால தாண்டவே முடியல, சார்." நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். செத்தவனே துக்கம் விசாரிக்கிற கூத்து வேறெங்கே நடக்கும்?

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. முதல் நாவலில் என் சாவு பதினோரு பக்கம். ஐந்தாவதில் இரண்டு வரி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

என் மனைவி லோர்னா ஒருநாள் எரிந்து விழுந்தாள். "எப்பப் பாத்தாலும் உங்க சாவையே தேடித் தேடிப் படிக்கிறீங்க. மத்தவங்களும் அதுல இருக்காங்க."

எனக்கு மற்றவர்கள் எதற்கு?

மூன்று வருடத்துக்கு முன்பு, பொறுத்தது போதும் என்று அவனிடமே கேட்டுவிட்டேன். அடுத்த நாவலிலாவது என்னை வீட்டுக்கு அனுப்பு. என் பேரப்பிள்ளைகள் அதைப் படிக்கப் போகிறார்கள். எவரெட் சரி என்றான்.

அதற்குப் பிறகு நாவலே வரவில்லை. ஒரு கோடை போனது. இன்னொரு கோடை போனது. அவன் நுரையீரல் கெட்டது. இனி ஒரு கோடையைப் பார்ப்பானா என்பதே சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மார்ச் மாதம். பனி உருகும் மாதம். ஒரு மதியம் மழையில் நனைந்துகொண்டே அவன் வீட்டுக்குப் போனேன். மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். எதிரே ஒரு தாள்.

எட்டிப் பார்த்தேன். கம்பி அறுந்துவிட்டது. ஒருவன் போக வேண்டும். அந்த வாக்கியத்தில் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. மூன்று வருடமாகக் காலி.

எரிச்சல் வந்தது. "எவன் பேரையாவது போடேன். ஒரு பேர், அவ்வளவுதானே."

"அந்தப் பதுங்குகுழியில மூணு பேர்தான், ஹாலிஸ்," என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "நான் போன்கிட்ட இருக்கணும். உன்னை நிறுத்திக்கிட்டா டெல்பர்ட்டை அனுப்பணும். ஒரு தடவை அனுப்பிட்டேன். இன்னொரு தடவை என்னால ஆகாது."

டெல்பர்ட்.

ஐம்பத்தொன்பது வருடமாக நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். பத்தொன்பது வயது. அன்று காலை முறை என்னுடையது. காய்ச்சல் என்றேன். எவரெட் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். டெல்பர்ட்டைப் போகச் சொன்னான். டெல்பர்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் நடந்து போனான். திரும்பி வரவில்லை.

ஐந்து நாவல்கள். ஐந்திலும் என் பிணத்தைத் தாண்டி நான் படித்ததில்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும். புரட்டிப் பார்க்கும்போது கண்ணில் பட்ட வரிகள் இப்போது ஒவ்வொன்றாக வந்து நின்றன. முதல் நாவலில் ஒரு பையன் ஊர் திரும்பி ரயில் நிலையத்தில் அம்மாவைத் தேடுகிறான். இரண்டாவதில் கல்யாணம் செய்துகொள்கிறான். மூன்றாவதில் இரட்டைக் குழந்தைகள். ஐந்தாவதில் நரைத்த தலையோடு பேத்திக்குச் சைக்கிள் விடச் சொல்லித் தருகிறான். பெயர்கள் வேறு வேறு. பையன் ஒருவன்தான்.

அவன் அத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறான். நான் போனதால் வாழ்ந்திருக்கிறான்.

கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கிழவா. எத்தனை கடையில் எத்தனை பேர் சிரித்தார்கள். கோபம் அவன்மேல் கிளம்பி, பாதி வழியில் என்மேல் திரும்பிவிட்டது.

காய்ச்சல் இருந்தது உண்மை. எழுந்து நிற்க முடியாத காய்ச்சலா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னையே அனுப்பு," என்றேன்.

எவரெட் பென்சிலை எடுத்தான். காலியாக இருந்த இடத்தில் ஹாலிஸ் என்று எழுதினான். முதல் தடவையாக என் சொந்தப் பெயர்.

"காய்ச்சல்னு எழுதாதே," என்றேன். "நீ பேர் சொல்றதுக்கு முன்னாடியே நான் எழுந்து போயிட்டேன்னு எழுது."