சேலை நேர்ந்துகொண்ட சாமி

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ராஜலட்சுமி கைப்பேசியையே பார்த்துக்கொண்டு வந்தாள். குவைத்திலிருந்து இன்னும் அழைப்பு இல்லை. அவள் கணவன் வெற்றிசெல்வன் அங்கே லாரி ஓட்டப் போனவன். ஒரு விபத்து வழக்கில் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துவிட்டார்கள். வழக்கு முடிந்தும், ஊர் திரும்ப அனுமதி வராமல் இழுத்துக்கொண்டே போனது. இன்று காலை மறுபடியும் அனுமதி தரும் ஆபீசில் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அவள் மனதில் வேறு காரணம் ஓடியது. போன வருஷம் வல்லத்திராக்கோட்டையில் அவர்கள் வயலை ஜேசிபி வைத்துச் சமப்படுத்தியபோது மண்ணுக்குள் ஒரு கல் முகம் தெரிந்தது. நீண்ட காது, பாதி மூடிய கண். அம்மன் என்றது ஊர். கழுத்துவரை புதைந்திருந்த அந்த முகத்துக்கு மஞ்சள் பூசி, "வர்ற வெள்ளிக்கெழம பட்டுச்சேலை சாத்துறேன் ஆத்தா, அவர அனுப்பி வச்சிரு" என்று வேண்டிக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் அதிகாரிகள் வந்து சிலையைத் தோண்டி எடுத்துப்போனார்கள். அன்று அவள் கீரனூரில், அம்மா வீட்டில் இருந்தாள். அதன்பிறகு வந்த ஒவ்வொரு தாமதமும், செய்யாமல் விட்ட அந்த நேர்த்திக்கடனால்தான் என்று பட்டது.

அதனால்தான் இன்று நாத்தனார் சரண்யாவைக் கூட்டிக்கொண்டு, பையில் பச்சைப் பட்டோடு, புதுக்கோட்டை திருக்கோகர்ணத்து மியூசியத்துக்கு வந்திருந்தாள்.

ராஜா காலத்துக் கட்டடம். உயரமான கதவுகள், அறைக்கு அறை சிலைகள். எதன் முன்னாலும் அவள் நிற்கவில்லை.

"மெதுவாப் போங்க அண்ணி. சாமி எங்கிட்டும் ஓடிறாது."

கடைசி அறையில், ஜன்னலோரம், அந்த முகம். ஓடிப் போனவள் பாதியில் நின்றாள். அகன்ற தோள், நேராகத் தொங்கும் கைகள், உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. ஆண்.

சரண்யா பலகையைப் படித்தாள். "அண்ணி, இது அம்மன் இல்ல. சமணச் சாமி. நம்ம ஊரு பேருதான் போட்டிருக்கு." பிறகு மெல்லச் சொன்னாள். "வீடு வாசல் எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவங்க. ஸ்கூல்ல படிச்சிருக்கேன்."

ராஜலட்சுமி முகம் சூடாகித் திரும்பிக்கொண்டாள். "வீட்ட விட்டுப் போனவருகிட்டயா புருஷன வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன்?"

காவலாளி, பையிலிருந்து எட்டிப் பார்த்த பட்டைக் கவனித்துவிட்டார். "இங்க எதையும் சாத்தக்கூடாதும்மா."

அப்போது கைப்பேசி அடித்தது. வராந்தாவுக்கு ஓடினாள்.

"சேலை சாத்திட்டியா?" என்றான் வெற்றிசெல்வன்.

"ஆபீசுல என்னங்க சொன்னாங்க?"

"நீ மொதல்ல சொல்லு."

"அது அம்மனே இல்லங்க. ஆம்பளச் சாமி. மேல துணியே இல்ல."

அவன் சிரித்தான், இருமல் வரும்வரை. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இங்க ஞாயித்துக்கெழம ஆபீசு உண்டு, அன்னிக்கிப் பேப்பர வாங்கிக்க வரச் சொல்லிருக்காங்க."

"நெசமாவா?"

"போன வாரமும் இதத்தான் சொன்னாங்க, ராஜி."

திரும்பி வந்தவளிடம் சரண்யா சொன்னாள். "கோயிலு பக்கந்தான் அண்ணி. அங்க அம்மனுக்குச் சாத்திட்டுப் போயிருவோம்."

"வேணாம். நான் கேட்டது இவருகிட்ட."

சிலைக்கு எதிரே போய் நின்றாள். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒன்றும் தருவதாகச் சொல்லாமல், மறுபடியும் அதையே கேட்டாள். கேட்டபின்னும் மனம் அடங்கவில்லை. அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அந்த ஞாயிறும் வீணாகத்தான் போனது. புதன்கிழமை மதியம் அவன் கூப்பிட்டு, டிக்கெட் போட்டாகிவிட்டது என்றான். அவள் நம்பவில்லை, படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கடைசியில் வந்தவன் பாதியாக இளைத்திருந்தான்.

பஸ்ஸில் ஏறியதுமே தூங்கிவிட்டான். கீரனூர் தாண்டி, புதுக்கோட்டையும் வந்துவிட்டது. அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவே இல்லை.