டாக்டரம்மாவின் படத்திறப்பு

டாக்டர் ஜஹானாராவின் படத்தைத் திறந்து வைத்தவர் வட்டாரப் பிரமுகர் தவசிமுத்து. போயும் போயும் இந்த ஆள் கையாலா என்று சிலுவையம்மாளுக்கு வயிறு எரிந்தது.

ராயபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். காசிமேட்டில் மீன் விற்கிறவளுக்கு இந்த மரியாதை சும்மா வரவில்லை. டாக்டரம்மாவிடம் பிள்ளை பெற்றவள் ஒருத்தி மாலை போட்டால் நன்றாக இருக்கும் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்திருந்தார்கள்.

"எத்தனையோ மழலைகளை இந்த மண்ணுக்குத் தந்த தெய்வத்தாய்" என்று தவசிமுத்து மைக்கில் உருகினார்.

தந்தது உண்மைதான். ஆனால் வேண்டாம் என்று வந்தவளையும் டாக்டரம்மா முகம் சுளித்து அனுப்பியதில்லை. சிலுவையம்மாள் ஐந்தாவதாக உண்டாகி, வீட்டுக்காரனுக்குப் பயந்து அழுதபடி போனபோது அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "உங்க வூட்டுக்காரர் சொல்றது இருக்கட்டும்மா. உங்களுக்கு வேணுமா, வேணாமா?" அதற்கு முன்பு அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நாலு வருஷம் முன்பு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வாசலில்தான் தவசிமுத்து ஆட்களோடு வந்து உட்கார்ந்தார். கருவைக் கொல்கிற கடை எங்கள் தெருவில் கூடாது என்று கோஷம் போட்டார்கள். கண்ணாடி நொறுங்கியது. சட்டப்படிதான் செய்கிறேன் என்று டாக்டரம்மா ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். கேட்பார் இல்லை. கட்டடத்தின் சொந்தக்காரர் பயந்துபோய்க் காலி செய்யச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பூட்டு விழுந்தது.

அடுத்த மாசமே சிலுவையம்மாளின் மகள் ஆன்சிக்கு நாள் தள்ளிப்போயிற்று. கைக்குழந்தைக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. ரத்தசோகையில் வெளுத்துப்போன உடம்பு. இன்னொரு பிரசவம் தாங்காது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "புருஷன இட்டுனு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனோ கடலில் இருந்தான். ஆன்சி யாருக்கும் சொல்லாமல், எவனோ கொடுத்த மாத்திரையை விழுங்கினாள். ரத்தம் நிற்கவேயில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நகராமல் நிற்க, அம்மாவின் மடியிலேயே உயிர் போனது.

சாவு வீட்டில் டாக்டரம்மா ஆன்சியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவசிமுத்துவும் மாலையோடு வந்து, எல்லாம் விதி என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் டாக்டரம்மா வீட்டிலேயே, வருகிறவர்களுக்கு யோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாசம் மாரடைப்பில் அவரும் போய்விட்டார்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். சிலுவையம்மாள் மாலையைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"இந்தம்மா பிரசவம் மட்டும் பாக்கல. புள்ள வேணான்னு போன எனக்கும் வைத்தியம் பாத்துச்சு. அத்த ஏன் ஒர்த்தரும் சொல்ல மாட்றீங்கோ? தோ நிக்கிறாரே, இவுருதான் ஆஸ்பத்திரிய மூடவச்சாரு. எம் பொண்ணு செத்துப்பூட்சு."

மைக் அணைந்தது. தவசிமுத்து அவள் தோளை அணைத்துக்கொண்டார். மைக் திரும்ப உயிர் பெற்றபோது, "பொண்ணப் பறிகொடுத்த தாய். துக்கம் தாங்கல" என்றார். கூட்டம் கை தட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே அவள் இறங்கி வெளியே நடந்தாள். வாசல் தாண்டியதும் பின்னாலேயே ஒரு பெண் ஓடிவந்தாள். இடுப்பில் குழந்தை. பேர் ஷாஸியா என்றாள்.

"எனக்கும் நாள் தள்ளிகீதுக்கா. வூட்ல சொல்ல முடியாது. டாக்டரம்மாவும் இல்ல. இப்ப நான் எங்க போறது?"

சிலுவையம்மாள் யோசித்தாள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம்பிச் சொல்ல ஒரு வாசல்கூட நினைவுக்கு வரவில்லை.

"எவங்கிட்டயும் மாத்திர கீத்திர வாங்கிடாத. காலைல வா, நானும் வர்றேன்."

"எங்கக்கா?"

"தெர்ல" என்றாள் சிலுவையம்மாள். "போயி கேட்டுப் பாக்கலாம்."