ஒருத்தரையும் பேசாத பிள்ளை

சுதர்சினி முதலாம் வகுப்பில் இருந்தபோது நடந்த ஒரு சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

வன்னியில், தருமபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒருநாள் அவள் பிந்தி வந்தாள். ரீச்சர் காரணம் கேட்டா.

"எங்கம்மா வேலிகிட்ட நின்னு பேசிக்கிட்டே இருந்தாங்க, ரீச்சர்."

"காலமையே ஆரைப் பேசினவா?"

"பக்கத்து வீட்டு அக்காகூடதான்."

வகுப்பே சிரித்தது. அன்று முழுக்க, "சுதர்சினியின்ர அம்மா விடிய எழும்பி வேலியில நிண்டு சனத்தைப் பேசுறவாவாம்" என்று பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள்.

அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாள். தாய் அழகம்மாவுக்கும் தகப்பன் வீரையாவுக்கும் அந்தப் பகிடி விளங்கவேயில்லை. அவர்கள் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவர்கள் வீட்டில் வாய் திறந்து நாலு சொல் சொன்னால் அது பேசுவது. வன்னிச் சனத்துக்கு அது கதைப்பது. வன்னியில் ஒருவரைப் பேசினால் அது ஏச்சு. சுதர்சினி அதற்குப் பிறகு, பள்ளிச் சட்டையும் வீட்டுச் சட்டையும் போல இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளப் பழகினாள். ஆறு வயதில் பழகியது. பிறகு பிழை விட்டதேயில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு அவள் யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தாள். கடைசி வருடத்தில் அவளுக்கு இரண்டு பாடம். ஒன்று பிள்ளைகளின் உளக்கோளாறுகள், அதற்கு நீல அட்டைக் கொப்பி. மற்றது நேர்நிலை உளவியல், அதற்கு மஞ்சள். நீலக் கொப்பி ஒரு பிள்ளையிடம் என்ன பிழை என்று கேட்டது. மஞ்சள் கொப்பி அந்தப் பிள்ளையிடம் என்ன பிழைத்து மிஞ்சியிருக்கிறது என்று கேட்டது. இரண்டையும் சேர்த்து ஒரே பிள்ளையைப் பற்றி ஆய்வு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவளுக்குக் கிடைத்த பிள்ளை நிரோஜினி. எட்டு வயது. புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில், சுனாமியில் கடல் அடித்துப் போட்ட சனத்துக்கென்று கட்டிய தகரக் கொட்டில்களில் ஒன்றில் தாயோடு இருந்தாள். முல்லைத்தீவுக் கரையில் கடல் வந்த அன்று தகப்பனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிள்ளைக்குத் தொண்டை அடைத்துப்போனது. தகப்பன் வரவில்லை. தொண்டை பத்து நாளில் திறந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இடாப்புக் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள்.

இரண்டாயிரத்து ஆறு மாசி மாதம் சுதர்சினி முதல் தடவையாக அந்தக் கொட்டிலுக்குப் போனாள். அங்கே வேலை செய்யும் உளநல நிலையம் ஒன்று அவளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தது. முதல் நோயாளி, முதல் படிவம். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்று நினைத்தாள். தாய் விமலேஸ்வரிக்கு முன்னால் பாயில் இருந்து, படிவத்தில் அச்சடித்திருந்ததை அப்படியே வாசித்தாள்.

"பிள்ளை வீட்டில் பேசுகிறதா?"

"இல்லைத் தங்கச்சி. ஒருத்தரையும் பேசாது."

"ஒருவரையுமா?"

"அவளுக்குப் பேசத் தெரியாது. நான்தான் பேசுறது."

விமலேஸ்வரி சொன்னது, என் பிள்ளை சாது, யாரையும் ஒரு சொல் ஏசமாட்டாள், ஏசுகிற வாய் என்னுடையது என்பதுதான். சுதர்சினி எழுதியது, வீட்டிலும் பேசுவதில்லை, பிள்ளைக்குப் பதிலாகத் தாயே பேசுகிறார் என்று. நீலக் கொப்பியிலும் அப்படித்தான் இருந்தது. வாய் திறக்காத பிள்ளைகளுக்குப் பதிலாகத் தாய்மாரே எல்லாவற்றுக்கும் விடை சொல்வார்களாம். கொப்பியில் இருந்தது கண்முன்னே நடந்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கூட வந்தது. பாவம், படிக்கிற பிள்ளைதானே.

பிறகு ஐந்து தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் நிரோஜினி தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். பென்சில் கொடுத்தால் படம் கீறினாள், வீடு, கோழி, படலை. வாய் மட்டும் திறக்கவில்லை.

"உங்களைக் கண்டு வெக்கம்" என்றாள் விமலேஸ்வரி.

பிள்ளையின் கோளாறைத் தாய் ஏற்றுக்கொள்ள மறுக்கிறார் என்று சுதர்சினி எழுதினாள்.

நிலையத்துக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை வவுனியாவிலிருந்து ஒரு டொக்டர் வருவார். வாசலில் எழுபது பேர் இருப்பார்கள். நிரோஜினி அவருக்கு முன்னாலும் வாய் திறக்கவில்லை. அவர் சுதர்சினியின் தாளைப் பார்த்தார். வெளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை என்று அதில் வடிவான எழுத்தில் இருந்தது. வவுனியாவில் ஒரு இல்லத்தில் இப்படியான பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆறு மாதம் விட்டுப் பார்ப்போம் என்றார்.

"கதைக்கப் பழக்குவினமோ?" என்று விமலேஸ்வரி கேட்டாள்.

"ஓம் அம்மா, கதைக்கப் பழக்குவினம்" என்றார் டொக்டர்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை கதைத்தால் நல்லதுதானே என்று நினைத்துச் சம்மதத் தாளில் பெருவிரல் அடையாளம் வைத்துக் கொடுத்தாள். அவள் சின்ன வயதிலிருந்து இடம்பெயர்ந்து திரிந்தவள், இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆடி மாதம் நிலையத்து வான் வண்டி வந்து நிரோஜினியை, வன்னியின் எல்லையில் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுபோனது.

ஆவணி பிறக்க முன்னம், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த சுதர்சினி மஞ்சள் கொப்பியோடு விமலேஸ்வரியிடம் போனாள். பிள்ளை இல்லாவிட்டாலும் தாயை வைத்து மற்றப் பாதியை எழுதலாம் என்று எண்ணம். அந்தப் பாடத்தில் ஒரு பயிற்சி இருந்தது. நாளுக்கு மூன்று நல்ல விஷயத்தை நினைத்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"மூண்டோ?" விமலேஸ்வரி சிரித்தாள். "என்ன தங்கச்சி, பல்கலைக்கழகத்தில இதுதானோ படிப்பிக்கினம்?"

"சொல்லுங்கோ அக்கா. சின்ன விஷயமெண்டாலும் சரி."

"தண்ணி பவுசர் வந்தது. ஒண்டு." விமலேஸ்வரி விரலை மடக்கினாள். "சூடை மீன் மலிவாக் கிடைச்சது. ரெண்டு. மூண்டாவது..." விரல் அப்படியே நின்றது. "முந்தியெண்டா நிரோஜினியின்ர கதையைச் சொல்லியிருப்பன். இப்ப வீடு செத்துப்போய்க் கிடக்கு."

"அவளைப் பற்றி ஆரும் கதைச்சவையோ?"

"ஆர் கதைக்கிறது? அவள் கதைக்கிறதைச் சொல்லுறன். ஆக்கள் போய்ப் படலையைச் சாத்தினா வாய் திறந்திடும், பிறகு பூட்டேலாது. சோத்தைப் போட்டாச் சோத்தோடயும் கதைப்பாள். கோழிக்குப் பள்ளிக்கூடம் நடத்துவாள், ரீச்சர் மாதிரி."

சுதர்சினியின் பேனை கொப்பியில் முட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, உங்களோட கதைக்கிறவளோ?"

"என்னோட கதையாமல் ஆரோட கதைக்கிறது? நானும் அவளும்தானே."

"அண்டைக்கு நான் கேட்டனான். பிள்ளை பேசுகிறதா எண்டு. இல்லை எண்டு சொன்னீங்கள்."

"ஓம். இண்டைக்கும் சொல்லுவன். அவள் ஒருத்தரையும் பேசமாட்டாள். கடலில போன தேப்பனும் அப்பிடித்தான், ஒரு சொல்லுச் சொல்லமாட்டார். இந்த வீட்டில பேசுற வாய் என்ர தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுதர்சினிக்கு முதலாம் வகுப்பின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் கவனமாக மாற்றி மாற்றிப் போட்ட சட்டையை அந்த ஒரு நாள் மாற்ற மறந்திருந்தாள்.

நீலக் கொப்பியில் அவளே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். வீட்டில் கதைத்து வெளியில் கதைக்காத பிள்ளை இன்னொரு வகை. அந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது, அதன் வாய் உயிரோடு இருக்கிற ஒரே இடம் அதுதான்.

அவள் விமலேஸ்வரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து கையில் கொடுப்போம், பிறகு சொல்லி மன்னிப்புக் கேட்போம் என்று நினைத்தாள். நீங்களும் நானும் அப்படித்தானே நினைத்திருப்போம்.

நேரே நிலையத்துக்குப் போனாள். பதிவுகளுக்குப் பொறுப்பாக ஏரம்பு ஐயா இருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

"பேசுறதும் கதைக்கிறதும்" என்று தலையை ஆட்டினார். "அந்தப் படிவத்தைக் கொழும்பில இருந்து எழுதி அனுப்பினவை, பிள்ளை. அவைக்கு என்ன தெரியும். ஆனா உமக்குத் தெரியும்தானே?"

"தெரியும் ஐயா."

"சரி, திருத்தி எழுதித் தாரும். டொக்டர் கையெழுத்து வைச்சாத்தான் இல்லத்தால பிள்ளையை விடுவினம். வெள்ளிக்கிழமை வருவார். அண்டைக்கே அலுவல் முடிஞ்சிடும், யோசியாதையும்."

அவள் மூன்று தடவை எழுதினாள். பேசுதல் என்ற சொல்லே இல்லாமல் எழுதினாள். வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் வந்து நிலையத்து வாங்குப் பலகையில் இருந்தாள். பத்து மணிக்கு வரவேண்டிய டொக்டர் மத்தியானமாகியும் வரவில்லை. பின்னேரம் வடக்குப் பக்கமிருந்து செல் வெடிக்கிற சத்தம் கேட்டது. முகமாலையில் சண்டை தொடங்கிவிட்டது என்றார்கள். யாழ்ப்பாணப் பாதை பூட்டு. ஓமந்தையும் பூட்டு. ஏரம்பு ஐயா அவளுடைய தாளை வாங்கி ஒரு கோவைக்குள் வைத்து, அதற்கு மேல் ஒரு கல்லையும் வைத்தார்.

"திறக்கும் பிள்ளை" என்றார். "முந்தியும் பூட்டித் திறந்ததுதானே."

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. பல்கலைக்கழகம் அந்தப் பக்கம், நிரோஜினி இந்தப் பக்கம், நடுவில் தருமபுரத்து வீட்டில் சுதர்சினியும் இரண்டு கொப்பிகளும். ஒருநாள் அழகம்மா மிளகாய் ஆய்ந்துகொண்டே கேட்டா.

"என்னா புள்ள, வந்ததிலருந்து யாருகிட்டயும் பேசாம ஒக்காந்திருக்க?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கொப்பிகள் இரண்டையும் மூடி வைத்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

ஓமந்தை பிறகு கொஞ்சம் திறந்தது. ஆனால் போவதற்குப் பாஸ் வேண்டும். விமலேஸ்வரிக்காகச் சுதர்சினி பாஸுக்கு எழுதினாள். டொக்டரின் கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். டொக்டர் வவுனியாவில். அவருக்குத் திருத்திய தாளின் பிரதியோடு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இல்லத்துக்கு எழுதினாள், பிள்ளை வீட்டில் நன்றாகக் கதைக்கும், தயவுசெய்து தாயிடம் அனுப்புங்கள் என்று. ஒன்று போனதா, இரண்டும் போகவில்லையா, அதுகூடத் தெரியவில்லை. விமலேஸ்வரி மட்டும் ஒவ்வொரு கிழமையும் கேட்பாள், "ஆறு மாதம்தானே தங்கச்சி? தையோட விட்டிடுவினம் என்ன?" சுதர்சினி ஓம் என்பாள். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறுவாள். திரும்பி வந்து இறங்கும்போது அது இன்னும் சொல்லப்படாமலே இருக்கும்.

கார்த்திகை மழையில் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, விமலேஸ்வரி சுதர்சினியைக் கண்டதும் படலைக்கே ஓடி வந்தாள். கையில் ஒரு தபாலட்டை. நான்கு நாளாகச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாளாம்.

"தபால்காரர் வாசிச்சுத் தாறன் எண்டவர். வேண்டாம், தங்கச்சி வந்து வாசிக்கட்டும் எண்டு வைச்சிருந்தனான்."

இல்லத்திலிருந்து வந்தது. ஐப்பசி முதலாம் திகதி எழுதியது. மூன்று வரி. சுதர்சினி வாசித்தாள்.

"பிள்ளை நலம். ஒழுங்காகச் சாப்பிடுகிறது. பேசுவதில்லை."

"திருப்பி ஒருக்கா வாசியுங்கோ."

திருப்பி வாசித்தாள்.

விமலேஸ்வரி கையை நீட்டி விரல்களை மடக்கினாள். "நலமாம், ஒண்டு. சாப்பிடுறாளாம், ரெண்டு. அங்க போயும் ஒருத்தரையும் பேசுறேல்லையாம், மூண்டு." அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தீங்களே, நான் வளத்த பிள்ளை. ஊர் மாறினாலும் குணம் மாறேல்லை. எழுதுங்கோ தங்கச்சி, உங்கட மஞ்சள் கொப்பியில எழுதுங்கோ. இண்டைக்கு மூண்டும் வந்திட்டுது."

சுதர்சினி கொப்பியைத் திறந்தாள். அக்கா என்று கூப்பிட்டாள். விமலேஸ்வரி அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதைக்கிறாளோ எண்டு ஒண்டும் போடேல்லையோ? மற்றப் பக்கத்தையும் ஒருக்காப் பாருங்கோ."

சுதர்சினி அட்டையைத் திருப்பினாள். விமலேஸ்வரியின் பெயரும் கொட்டில் இலக்கமும் இருந்தன.

"இல்லையக்கா" என்றாள். "அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

"அட்டை சின்னன்தானே" என்றாள் விமலேஸ்வரி. "எழுத இடம் காணாமல் போயிருக்கும்."

அட்டையை வாங்கி, மழைத்துளி படாமல் மடித்து, திரும்பவும் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.