தான் ஆடாவிட்டாலும்

"இடம் ஒண்ணும் மோசமில்ல. நிழல்கூட விழுது" என்றார் அண்ணன். மனை காட்டும் தரகனுக்குக்கூட அப்படி ஒரு குழைவு வராது. அவர் காட்டியது இடுகாட்டின் கடைக்கோடி. மதிலை ஒட்டிச் சாக்கடை ஓடும் பக்கம். அங்கேதான் சித்திக்குக் குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்புக் கோடும் போட வைத்திருந்தார்.

தங்கை அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. அப்பா இரண்டாம் தாரமாகக் கட்டிவந்த சித்திதான் இருவரையும் ஆளாக்கினாள். சித்தி சமைத்ததைத் தின்று, சித்தி துவைத்ததை உடுத்தி, கல்யாண வயது வரைக்கும் அவளை வேலை வாங்கிய அண்ணனுக்கு, அப்பா பக்கத்தில் அவளைக் கிடத்த மட்டும் மனம் வரவில்லை. அப்பாவுக்கு இடப்புறம் அம்மா இருந்தாள். வலப்புறம் காலியாகத்தான் கிடந்தது. அதை அண்ணன் தனக்கென்று வைத்திருந்தார். தினமும் காலையில் நடைப்பயிற்சி போகிற, சர்க்கரை இல்லாத காப்பி குடிக்கிற மனிதர். சாவதற்கும் முன்பதிவு.

காரணம் கேட்டால், ரத்த சொந்தம் என்றார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமாம். சித்தி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கிடந்தபோது அந்தச் சதை எந்த ஊரில் ஆடிக்கொண்டிருந்தது என்று தங்கைக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டால் பதில் சொல்வார். அதைக் கேட்கும் பொறுமை அவளுக்கு இல்லை.

அகழாய்வில் எலும்புகளை ஆராய்வது அவள் வேலை. சென்ற வருஷம் அவர்கள் தோண்டிய வரலாற்றுக்கு முந்தைய குழி ஒன்றில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி சேர்ந்து கிடந்தார்கள். ஆதிக் குடும்பம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. அண்ணன் நண்பர்களோடு காரில் வந்து இறங்கி, தானே பெற்றுப்போட்டது போல அந்த எலும்புகளோடு படம் எடுத்துக்கொண்டார். பிறகு மரபணு முடிவு வந்தது. சிறுமி அந்த ஆணின் மகள். பெண்ணோ இருவருக்கும் ரத்த உறவில்லாதவள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் பாதியில் கைகழுவ எழுந்து போனார்.

கேட்ட பாதியை இப்போது பத்திரமாக எடுத்து வீசினார்.

"நீயேதானே சொன்ன? அந்தப் பொம்பளைக்கும் பொண்ணுக்கும் சம்பந்தமே இல்லன்னு. உங்க சோதனையே சொல்லுது, அப்புறம் என்ன?"

"மீதியையும் கேளுங்கண்ணா. மத்த ரெண்டு பேரும் செத்து ரொம்ப வருஷம் கழிச்சுதான் அவ செத்திருக்கா. மூடின குழிய யாரோ மறுபடி திறந்திருக்காங்க. அந்த ஆளோட கால் எலும்ப மெதுவா ஒதுக்கி, அவளுக்கு இடம் பண்ணியிருக்காங்க."

அண்ணன் சிரித்தார். "அதெல்லாம் காட்டுமிராண்டிங்க காலம்."

"ஆமா. அவங்களுக்கு அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கு."

அவருக்கு அது உறைக்கவில்லை. குழிவெட்டுபவரைப் பார்த்து, சித்தியை ஏற்றிய வண்டி கிளம்பிவிட்டது, சீக்கிரம் ஆகட்டும் என்று அதட்டினார். அவரோ மதிலையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் அவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அப்பாவின் வலப்புறம் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்மண்ணைச் சதுரமாகச் சீவினாள். நாற்பது தாண்டிய உடம்புதான், ஆனால் பழகிய கை.

அண்ணன் வேகமாக வந்து, அவள் வெட்டப்போன இடத்தின் நடுவில் ஏறி நின்றார்.

"நாளைக்கு நான் போனா எங்க போவேன்?"

"நீங்க போறதுக்கு இன்னும் நாள் இருக்கு. அவங்க போயிட்டாங்க."

அவள் நிமிரவில்லை. அவர் காலைச் சுற்றி வெட்டத் தொடங்கினாள். அவர் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை, அல்லது எடுத்தவர்கள் வண்டியில் சித்தியோடு இருந்தார்கள். வாசலில் ஹாரன் கேட்டது. குழிவெட்டுபவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, இன்னொரு மண்வெட்டியை எடுத்து எதிர்முனையிலிருந்து வெட்ட ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் பள்ளம் இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில், முறம் அகலத்துக்கு மிஞ்சியிருந்த மேட்டில், போனைக் காதில் வைத்தபடி அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.