மூன்றாம் மாடிக்கு ஏறாதவள்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. சித்தாள் வேலையில் முட்டி தேய்ந்துபோன அந்த அம்மாள், உதவித்தொகை அலுவலகத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை. கூப்பிட்ட விசாரணைக்கெல்லாம் வரவில்லையாம். அதனால் வாங்கித் தின்றதெல்லாம் கடனாம்.

கடைசியில் அந்த அலுவலகத்தின் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னார்கள். சின்னப் பெண். அவள் அறை மட்டும் கீழ்த்தளத்தில், உடைந்த நாற்காலிகள் அடுக்கிய கிடங்கை ஒட்டி இருந்தது.

"மனச்சோர்வுன்னு ஒரு வரி எழுதிடறேன்மா. கடன் தள்ளுபடி ஆயிடும்."

"சோர்வு யாருக்கு இல்ல? கல்லு சுமந்துட்டு வந்து டான்ஸா ஆடுவாங்க?" என்றாள் அம்மாள். "நீ பாட்டுக்கு எழுதிடுவே. மனசு சரியில்லாதவகிட்ட என் தங்கச்சி மகளை விட்டு வைப்பாங்களா? செத்தவ என்னை நம்பி விட்டுட்டுப் போன புள்ள."

உளவியலாளரின் பேனா நின்றுவிட்டது. நல்லது செய்வதாக நினைத்துப் பிள்ளையைப் பிடுங்கப் பார்த்திருக்கிறாள்.

"சரி, நீங்களே சொல்லுங்க. ஏன் வரலை?"

"யாரு வரலைன்னது? ஒவ்வொரு தடவையும் வந்தேன். ஆபீஸ் மூணாவது மாடி. லிஃப்ட் செத்துக் கிடக்கு. முட்டி மக்கர் பண்ணுச்சு. படியில உக்காந்து வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்பிட்டுப் போனேன். இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை."

உளவியலாளர் மேலே அதிகாரிக்குப் போன் போட்டு, அம்மாள் படி வரை வந்துபோனதைச் சொன்னாள்.

"வீண் வம்பு எதுக்கு மேடம்? அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்க. உங்க கான்ட்ராக்ட் வேற முடியப் போகுது."

"மனசைப் பாக்கத்தான் சார் எனக்குச் சம்பளம். பாத்துட்டேன், நல்லா இருக்கு. முட்டி செஞ்ச குத்தத்தை மனசு தலையில கட்ட மாட்டேன். நீங்க கீழ வாங்க."

"எனக்கு வேலை இருக்கு." போன் வைக்கப்பட்டது.

அம்மாள் எழுந்து போய்ப் படிக்கட்டின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். "வரட்டும். வீட்டுக்குப் போகவாவது இறங்கித்தானே ஆகணும்."

உளவியலாளரும் அறையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போவோர் வருவோர் முணுமுணுத்துக்கொண்டே சுவரை ஒட்டி ஒதுங்கினார்கள்.

சாயங்காலம் அதிகாரி சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தார். தாண்டிப் போக வழியில்லை.

"இவங்க வந்தாங்களாய்யா?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"எல்லாத் தடவையும் வந்தாங்க சார். நான் மேல வந்து சொன்னேன். நீங்கதான், ஏறி வரச் சொல்லுன்னீங்க."

அதிகாரி அம்மாளின் ஃபைலை வரவழைத்துச் சாப்பாட்டுப் பையின்மேல் வைத்து 'தள்ளுபடி' என்று எழுதினார்.

அம்மாள் நகரவில்லை. "காரணத்தையும் போடுங்க சார்."

அவர் உளவியலாளரைப் பார்த்தார். அவள் அசையவில்லை. 'லிஃப்ட் இயங்காததால்' என்று எழுதி, பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதைக் குறுக்கே அடித்தார்.

அதன் பிறகுதான் அம்மாள் கைப்பிடியைப் பற்றி எழுந்து அவருக்கு வழிவிட்டாள்.